13, 14 வயதில் ஆஸ்பத்திரி சேவை: வாசகர் கேள்விகள்

லீவு நெருங்கினாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். 30 வருஷத்துக்கு மேல் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எட்டாவது படிக்கும் மகளுக்கு டாக்டர் ஆசை. குடும்ப நண்பர் தன் நர்சிங் ஹோமில் ஆபரேஷன் பார்க்க விடுகிறேன் என்கிறார். அனுப்பலாமா? (ஈரோடு)

வேண்டாம். மேஜையில் மயக்கத்தில் படுத்திருப்பவரிடம் யாராவது கேட்டார்களா? நண்பர் சம்மதித்தால் போதுமா, உடம்பு அவருடையதா? ஆபரேஷன் தியேட்டர் பார்க்க மருத்துவக் கல்லூரியில் வருஷக்கணக்கில் நேரம் கிடைக்கும்.

எனக்கு 15 வயது. ரத்த தானம் செய்ய முடியுமா? (திருச்சி)

தம்பி, நீயே எழுதியதில் சந்தோஷம். 18 வயது ஆக வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். அதுவரை முகாமில் உனக்கு வேறு வேலை இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர் எழுந்து வந்ததும் ஜூஸ் கொடுத்து, கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார். முகம் வெளுத்தாலோ, நெற்றி வியர்த்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு. பெரும்பாலும் எழுந்த கொஞ்ச நேரத்தில்தான் தலை சுற்றும். ரத்தப் பை, ஊசி, பஞ்சு எதையும் தொடாதே. கையுறை மாட்ட வேண்டிய வேலை என்றால் அது உன் வேலை இல்லை.

என் மகனுக்கு ஏதாவது ஆஸ்பத்திரியில் வாலண்டியர் வேலை சொல்லுங்கள். (ஊர் இல்லை)

ஊர் இல்லை, வயதும் இல்லை. 13க்கும் 17க்கும் எவ்வளவு வித்தியாசம்! வயதை எழுதுங்கள் என்று எத்தனை தடவை கேட்பது? சரி, பொதுவாகச் சொல்கிறேன். முதலில் பள்ளியில் ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) இருக்கிறதா என்று கேளுங்கள். பிளஸ் ஒன் என்றால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்). போலியோ முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். சொட்டு மருந்து ஊற்றுவது ஊழியர் வேலை. பிள்ளைகளை வரிசைக்குக் கூட்டி வரலாம், சொட்டு போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைக்கலாம்.

சேவைச் சான்றிதழ் இருந்தால் நீட்டில் மதிப்பெண் கூடுமா? (சேலம்)

கூடாது. ஒரு மதிப்பெண்கூடக் கூடாது.

மகன் (14) நண்பர்களோடு அரசு மருத்துவமனையில் பிரெட், பழம் கொடுத்துவிட்டு, நோயாளிகளோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். நர்ஸ் திட்டிவிட்டாராம். நல்ல காரியம் செய்த பிள்ளையை இப்படிப் பேசலாமா? (மதுரை)

பேசலாம். நானாக இருந்தால் வார்டு வாசலிலேயே போனை வாங்கி வைத்திருப்பேன்.

பெண்கள் சர்ஜிகல் வார்டில் நான் இருந்தபோது ஒரு பாட்டி. சர்க்கரையால் கால்விரல் எடுத்து மூன்றாம் நாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆரஞ்சுப் பைகளோடு வந்தார்கள். ஒருவன் பழத்தைக் கொடுத்தான். படம் சரியாக விழவில்லை என்று கூட வந்தவன் சொன்னதும், கொடுத்த பழத்தைத் திரும்ப வாங்கி மறுபடி நீட்டினான். பாட்டி டிரிப் ஏறாத கையால் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். சாயங்காலம் டிரெஸ்ஸிங் மாற்றும்போது என்னிடம் கேட்டார்: "எம்மக வீட்டுல இதப் பாத்துருவாங்களா சிஸ்டர்?" சம்பந்தி வீட்டுக்கு விரல் எடுத்தது தெரியாதாம். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று கூட வந்த பெரியவர் சொல்லித்தரவில்லை. கேட்டாலும்தான் என்ன? இலவச வார்டில் படுத்திருப்பவர் பழம் கொண்டுவந்தவரிடம் வேண்டாம் என்று சொல்வாரா? அதனால் படமே கூடாது.

அப்புறம் அந்த பிரெட். ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பசியில் இருப்பவர் இரண்டு துண்டு தின்றுவிட்டால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும். அடுத்த தேதிக்கு அந்தக் குடும்பம் இன்னொரு வாரம் கூலியை விட்டுவிட்டுக் காத்திருக்கும்.

மகனிடம் படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து இன்றே நீக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை கையை வீசிக்கொண்டு போய், வார்டு சிஸ்டரிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்கட்டும். அவர் உட்காரச் சொன்னால் உட்காரட்டும்.

ஊரில் கண் முகாம் நடக்கிறது. 14 வயதுப் பெண் என்ன செய்யலாம்? (தேனி)

நிறையச் செய்யலாம். கண் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு போட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, வெயில் கூசும். அந்த நேரத்தில் பெரியவர்களுக்குத் துணை வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் மகளின் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், மகள் அரை அடி முன்னால் நடக்கட்டும். படி வந்தால் நின்று, "ஏறுற படி தாத்தா" என்று சொல்லட்டும். சொட்டு போடும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முக்கால் நிமிஷம் கை கழுவட்டும்.

லண்டனில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது. (பெயர் வேண்டாம்)

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் கேடட் பிரிவு 10 முதல் 17 வயதுக்கு. முதலுதவி முறையாகச் சொல்லித்தருவார்கள். அங்கே மருத்துவக் கல்லூரிகள் பிறரைக் கவனித்துக்கொண்ட அனுபவத்தைக் கேட்கும், முதியோர் இல்லத்தில் செய்த சேவையும் கணக்கில் வரும். நீட் பற்றிச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

ரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வருகிறது. டாக்டர் ஆசையை விட்டுவிடவா? (9ஆம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

விடாதே கண்ணு. என் வார்டில் மயங்கி விழுந்த மெடிக்கல் மாணவர்களை நானே தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன், பெரும்பாலோருக்குப் பழகப் பழகப் போய்விட்டது. கண் இருட்டினால் நிற்காதே, உடனே படுத்துக் காலை உயர்த்திக்கொள். படுக்க இடமில்லை என்றால் தரையிலேயே உட்கார்ந்துவிடு. காலையில் சாப்பிடாமல் முகாமுக்குப் போகாதே. அடிக்கடி மயக்கம் வந்தால் அம்மாவோடு போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடு.