பலகையில் எழுதிய விலையும் எழுதாத விலையும்: தாய்லாந்து போகிறவர்களுக்கு

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 6 வயது மகன். பாங்காக்கில் மூன்று நாள், காவோ யாய் தேசியப் பூங்காவில் ஒரு நாள், பட்டாயாவில் இரண்டு நாள். ‘அங்கே வெளிநாட்டுக்காரர்களிடம் எல்லாவற்றுக்கும் பத்து மடங்கு வாங்குவார்கள், தனியாகப் போனால் தாங்காது’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். தலைக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ‘லோக்கல் ரேட்’ டிக்கெட் வாங்கித் தருவாராம். பாங்காக்கில் வேலை பார்க்கும் என் மைத்துனரோ, தன் ஒர்க் பர்மிட்டைக் காட்டினால் எங்கள் எல்லோருக்கும் உள்ளூர் விலை கிடைக்கும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஏஜென்ட் சொல்வதை அடியோடு நம்ப வேண்டாம். மைத்துனர் சொல்வதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

தாய்லாந்தில் இரட்டை விலை உண்டு என்பது உண்மை. ஆனால் அது எல்லா இடத்திலும் இல்லை. தேசியப் பூங்காக்கள், பெரிய கோயில்கள், அரண்மனை, சில தனியார் பொழுதுபோக்கு இடங்கள், அரசு மருத்துவமனைகள், இவ்வளவுதான். ரயில், மெட்ரோ, ஆற்றுப் படகு, மீட்டர் டாக்சி, செவன் இலெவன் கடை, விலைப்பட்டியல் தொங்கும் சாப்பாட்டுக் கடை, இங்கெல்லாம் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே காசு.

பாங்காக் அரண்மனைக்கு வெளிநாட்டவர் கட்டணம் 500 பாட், தாய்லாந்துக்காரருக்கு இலவசம். வாட் போ கோயிலுக்கு 300, வாட் அருண் கோயிலுக்கு 200. இவையும் அவர்களுக்கு இலவசம். இந்த மூன்று இடங்களிலும் 120 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் இல்லை. உங்கள் மகனை வீட்டிலேயே சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். காவோ யாயில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400, பிள்ளைக்கு 200. அவர்களுக்கு 40, 20. பத்து மடங்கு என்ற பேச்சு இந்தப் பூங்காக் கட்டணத்திலிருந்து கிளம்பியதுதான்.

மகன் 120 செ.மீ.க்குக் கீழே என்று வைத்துக்கொண்டால், அரண்மனைக்கு 1,500, வாட் போவுக்கு 900, வாட் அருணுக்கு 600, காவோ யாய்க்கு நான்கு பேருக்கும் சேர்த்து 1,200. மொத்தம் 4,200 பாட். இதே இடங்களுக்குப் போகும் ஒரு தாய்லாந்துக் குடும்பம் 120 பாட் கொடுக்கும். வித்தியாசம் 4,080 பாட். ஒரு பாட்டைத் தாராளமாக மூன்று ரூபாய் என்று போட்டாலும் 12,240 ரூபாய். உங்கள் ஏஜென்ட் கேட்பது நான்கு பேருக்கு 12,000. அதாவது அவர் சொல்லும் ‘லோக்கல் ரேட்’ நிஜமாகவே கிடைத்தாலும் மிச்சமாகும் பணம் முழுக்க அவர் பைக்குத்தான் போகும்.

அது கிடைக்கவும் கிடைக்காது. உள்ளூர் விலைக்கு வாயிலில் கேட்பது குடிமக்கள் அடையாள அட்டையை. அதை எந்த ஏஜென்ட்டாலும் உங்களுக்கு வாங்கித் தர முடியாது. தனியார் பூங்கா, மீன்காட்சியகம், ஷோ போன்றவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்தால் வாயில் விலையைவிடக் குறைவாகக் கிடைப்பது வழக்கம். எல்லோருக்கும் கிடைக்கும் அந்தத் தள்ளுபடியைத்தான் பல ஏஜென்ட்டுகள் ‘லோக்கல் ரேட்’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். நீங்களே போனில் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

இனி மைத்துனர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வாயிலில் குடும்பத்தோடு நின்று தகராறு செய்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தாய்லாந்தில் வேலை அனுமதியோ, அந்த நாட்டு ஓட்டுநர் உரிமமோ, அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்பு அட்டையோ வைத்திருப்பவருக்குச் சில பூங்காக்களிலும் பல தனியார் இடங்களிலும் உள்ளூர் விலை கொடுக்கிறார்கள். தனியார் இடத்தில் அது வியாபார முடிவு. முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடலாம். பூங்காவில் அது சாவடியில் உட்கார்ந்திருக்கும் அலுவலரின் மனதைப் பொறுத்தது. காலையில் சரி என்றவர் மாலையில் முடியாது என்பார், பக்கத்துப் பூங்காவில் பேச்சுக்கே இடமிருக்காது. அரண்மனையில் இந்த அட்டைகளை நம்பிப் போகவே வேண்டாம். இன்னொன்று, சலுகை அட்டை வைத்திருப்பவர் ஒருவருக்குத்தான். அவருடைய அக்காவுக்கோ, அக்கா பிள்ளைகளுக்கோ ஒட்டாது. அவர் தாய்லாந்து மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினாலும் அட்டையில் இருப்பது அவர் படம் மட்டும்தான். ‘எங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள்’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 360 பாட்டுக்காகப் பிள்ளைகள் முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது தேவையில்லாத அவமானம்.

சாவடிப் பலகையை ஒருமுறை நின்று பாருங்கள். ஆங்கிலத்தில் 400 என்று சாதாரண எண்ணில் இருக்கும். பக்கத்திலோ மேலேயோ அவர்கள் மொழியில் ஒரு வரி, அதில் விலை தாய்லாந்து எண்களில். கோயில் கல்வெட்டில் தமிழ் எண்களைப் பார்த்து விழிப்பதுபோல்தான் அதைப் பார்த்தும் விழிப்போம். ஆனால் அவர்களுடைய சுழியமும் சிறு வட்டம்தான். முடிவில் ஒரு வட்டம் இருந்தால் 40, இரண்டு இருந்தால் 400. வெளிப்படையான விலை என்று சொல்லிவிட்டு, கொடுப்பவனுக்குப் புரியாத எழுத்தில் எழுதுவது என்ன நியாயம்? வித்தியாசம் வைப்பது அரசின் உரிமை என்றால் அதை எல்லோருக்கும் தெரிகிற எண்ணில் எழுத வேண்டும்.

‘ஏழை நாட்டு மக்கள் தங்கள் காட்டைப் பார்க்க வேண்டாமா’ என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். அந்த அக்கறை எனக்கும் உண்டு. 2025 ஜூலை முதல் பாங்காக்கில் குறைந்தபட்ச நாள் கூலி 400 பாட். தெற்கே பட்டானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களுக்கு அந்த ஆண்டு நிர்ணயித்தது 337. அங்கே ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு தலைக்கு 400 கொடுத்துக் காட்டுக்குள் போக முடியாது. ஆனால் விலையைப் பிரிப்பது வருமானத்தை வைத்து இல்லையே! உலக வங்கிக் கணக்கில் 2021-இல் தாய்லாந்தின் வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி குறியீடு 43.3, கிழக்காசிய–பசிபிக் பகுதியிலேயே அதிகம். 2018-இல் கிரெடிட் சுவிஸ் வங்கியின் அறிக்கை, நாட்டின் சொத்தில் 66.9 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர் கையில் என்றது. அந்நாட்டு அரசு அமைப்பு அந்தக் கணக்கை மறுத்தது. எண்ணைப் பற்றிச் சண்டை போடலாம், இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. பென்ஸ் காரில் வரும் பாங்காக் முதலாளி 40 பாட் கொடுப்பார். பக்கத்துத் தொழிற்சாலையில் நாள் கூலிக்கு நிற்கும் மியான்மர்காரர், விதியின் எழுத்துப்படி, ஒரு நாள் கூலியை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். யார் ஏழை என்பது அரசுக்குத் தெரியாமலும் இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் பாட்டுக்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 2017 முதல் நல அட்டை கொடுத்திருக்கிறது. அந்த அட்டைக்குச் சலுகை கொடுத்துவிட்டு மற்ற எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

நம் ஊரும் இதில் சளைத்ததில்லை. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு நம் விலையே போதும் என்று தொல்லியல் துறை வைத்திருக்கிறது. தாய்லாந்தும் பிம்ஸ்டெக் உறுப்பு நாடு. தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தியாவிலிருந்து வருபவர் மாமல்லபுரத்தில் 40 ரூபாயில் உள்ளே போகலாம். மாமல்லபுரத்துக்காரர் அயுத்தியாவில் வெளிநாட்டவர் விலையைத்தான் கொடுக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் இதைப் பேசித் தீர்க்க இரண்டு அரசுகளுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சரி, பலகை விலை உங்களுக்கு 12,000 ரூபாய் விஷயம். அதைக் கொடுத்துவிடுங்கள். உண்மையான கசிவு பலகையில் எழுதாத விலைகளில்தான்.

அரண்மனை மதிலோரம் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, ‘இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கிறது, அதுவரை 20 பாட்டுக்கு டுக்டுக்கில் நாலு கோயில் சுற்றிக் காட்டுகிறேன்’ என்பார். டுக்டுக் இரண்டு கோயிலுக்குப் பின் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ நிற்கும். நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும் கூட்டி வந்ததற்கு ஓட்டுநருக்கு பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், வாங்கினால் கமிஷன். மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் ஜன்னலில் மட்டும் கேளுங்கள். டிக்கெட் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. அங்கிருந்து வாட் அருணுக்கு ஆற்றைக் கடக்கும் படகு 5 பாட். அதற்குத் தனிப் படகு பேசாதீர்கள்.

விலை மலிந்த பாக்கேஜும் இதே வித்தைதான். விமானமும் ஓட்டலும் அடக்க விலைக்கே வராத தொகைக்கு ஒருவர் கூட்டிப்போகிறார் என்றால், மீதியை ரத்தினக் கடை நிறுத்தத்திலும் ‘ஆப்ஷனல்’ என்ற பெயரிலும் எடுப்பார். பட்டாயாவில் கோரல் ஐலண்ட் என்று விற்கும் கோ லான் தீவுக்கு பாலி ஹாய் படகுத்துறையிலிருந்து பொதுப் படகு ஒரு வழிக்கு 30 பாட். பாக்கேஜின் ஸ்பீட்போட்டோ நடுக்கடலில் ஒரு மேடையில் நின்று, பாராசெய்லிங் வேண்டுமா, கடலடி நடை வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்கும். பெற்றவர்கள் அங்கே மறுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஏஜென்ட்டிடம் பாக்கேஜ் எடுத்தே ஆகவேண்டும் என்றால் எத்தனை கடை நிறுத்தம், பூங்காக் கட்டணம் உண்டா இல்லையா, படகு எது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வழியில் ‘பார்க் ஃபீஸ்’ என்று பணம் வசூலித்தால் அச்சிட்ட டிக்கெட்டைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் கீழ்த்தளத்து இயந்திரம் டாக்சிக்குச் சீட்டு தரும். அதில் எந்தத் தடத்தில் எந்த வண்டி என்று இருக்கும். சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் சொல்ல அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், பெரிய வண்டி 40. அதோடு விமான நிலையக் கட்டணம் 50, சுங்கம் உங்கள் கணக்கு. மீட்டர் போட மறுத்தால் இறங்கிவிடுங்கள். போக்குவரத்துத் துறைக்கு 1584, சுற்றுலா போலீசுக்கு 1155. சுமை குறைவு என்றால் அடித்தளத்திலிருந்து நகர ரயில், எவ்வளவு தூரமானாலும் தலைக்கு 45 பாட்டுக்குள் முடிந்துவிடும். பணம் மாற்றுவதும் அந்த அடித்தளத்திலேயே, ரயில் வாசல் பக்கத்துக் கவுண்ட்டர்களில். மேலே வங்கிகள் தரும் விகிதம் மோசம்.

ஏடிஎம்மில் நம் கார்டைப் போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட், சில வங்கிகளில் அதற்கும் மேல், கட்டணம். 1,000 பாட் எடுத்தாலும் அதேதான். ஆகவே சிறிது சிறிதாக எடுக்கக்கூடாது. திரையில் ‘ரூபாயில் மாற்றித் தரவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஒப்புக்கொண்டால் விகிதத்தை அந்த வங்கி தன் இஷ்டத்துக்கு வைக்கும்.

பட்டாயா கடற்கரைச் சாலையில் ஓடும் சோங்தேவ், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் பேசாமல் ஏறி, இறங்குமிடத்தில் பஸ்ஸரை அழுத்தி, இறங்கிப்போய் ஓட்டுநரிடம் தலைக்கு 10 பாட் கொடுங்கள், தூரம் கூடினால் 20. ஏறுமுன் ‘எவ்வளவு’ என்று கேட்டால் அது தனி வாடகை ஆகிவிடும். ஜெட் ஸ்கீ எடுப்பதாக இருந்தால் முன்னாடியே சுற்றிலும் வீடியோ எடுத்து அதை வாடகைக்காரரிடமே காட்டுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

விசா விஷயத்தில் 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களை விசா இல்லாமலே அனுமதித்தார்கள். இந்த விதியை அடிக்கடி தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதால் டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் அரசின் குடிவரவுத் தளத்தில் நிரப்பினால் இலவசம். அதே மாதிரி முகப்போடு காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, அதையே ‘விசா புராசசிங்’ என்று ஏஜென்ட்டும் பில் போடுவார். கட்டணம் கேட்கும் பக்கம் என்றால் மூடிவிடுங்கள்.

மைத்துனரை வாயிலில் அட்டை நீட்ட வைக்காதீர்கள். பலகையைப் படிக்கவும், காவோ யாய்க்கு ஒரு நாள் வேனை அவர்கள் மொழியில் பேசி அமர்த்தவும், அந்த வாடகையில் பெட்ரோலும் சுங்கமும் சேர்த்தியா என்று கேட்டு வைக்கவும் அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.