தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

கேட்டவர் கேள்வியோடு இரண்டு நாடுகளையும் சேர்த்திருக்கிறார். தென்கொரியாவிலும் சீனாவிலும் கிராமத்து ஆண்கள் பெண் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று படித்தாராம். நம் பக்கமும் அதே கதையா, பெண்கள் அதிகம் படித்துவிட்டதுதான் காரணமா என்று கேட்கிறார்.

நான் தருமபுரியில் அச்சகம் வைத்திருக்கிறேன். வருமானத்தில் பெரும்பங்கு கல்யாணப் பத்திரிகை. ஆடியிலும் மார்கழியிலும் பில் புத்தகமும் துண்டுப் பிரசுரமும்தான் சோறு போடும். மற்ற மாதங்களில் யார் வீட்டில் யார் சம்பந்தம் செய்கிறார்கள் என்பது தரகருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். இந்தப் பதிலுக்கு என் தகுதி அவ்வளவுதான்.

உண்மைதான். பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகத்தான் இருக்கிறது. ஏரியூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை என்று எந்தப் பக்கத்து ஆள் கடைக்கு வந்தாலும், பேச்சு இரண்டாவது நிமிடத்தில் தம்பிக்கோ மகனுக்கோ பெண் பார்ப்பதில் வந்து நிற்கிறது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். சொந்த நிலம் உண்டு, கிணறு உண்டு, கெட்ட பழக்கம் கிடையாது, ஆனாலும் அமையவில்லை.

பெண் வீட்டார் கேட்கும் கேள்விகளே மாறிவிட்டன. முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை மாடு என்று விசாரிப்பார்கள். நிறைய மாடு இருந்தால் நல்ல இடம். இப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஆனால் பயந்துகொண்டு கேட்கிறார்கள். நான்கு மாடு இருக்கிறது என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணி அள்ளப்போவது யார், பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றப்போவது யார் என்று பெண்ணுக்கே கணக்குப் போடத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் இரண்டு கறவை மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவைத்தார்கள். வந்தவர்களில் பெண்ணின் அத்தை கொல்லைப்புறம் போய்க் காலியாக இருந்த தொட்டியையும் புதுச் சாணியையும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது. மாட்டை மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைப்பார்களோ என்று அவர் கேட்டதாகத் தரகர் சொன்னார். நியாயமான கேள்விதான்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. பத்திரிகையில் மணமகன், மணமகள் இருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டம் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் பெண்தான் அதிகம் படித்தவர். சென்ற வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன். அச்சடிக்கும் முன் பிழை பார்க்கும் திருத்தப் படியைப் பார்க்க இரு வீட்டாரும் வந்திருந்தார்கள். பெண் எம்.எஸ்சி., பி.எட்.; பையன் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் வேலை. பையனின் அப்பா படியை எட்ட வைத்து, கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, படிப்பெல்லாம் எதற்கு? பெயர் மட்டும் இருந்தால் லட்சணமாக இருக்கும்" என்றார். பெண்ணின் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "மாமா, அவர் பெயருக்குப் பின்னால் ஐ.டி.ஐ. போடுங்கள், கம்பெனி பெயரையும் போடுங்கள், எனக்கு அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. என் படிப்பை எடுக்கவேண்டாம். ஐந்து வருடம் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தது" என்றார். பையன் உடனே, "அப்படியே இருக்கட்டும் அண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டான். பெரியவர் முகம் கொஞ்சம் சுண்டியது. அப்படியேதான் அச்சடித்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு மணமகள் திருத்தப் படி பார்க்க அச்சகத்துக்கு வருவதே அபூர்வம்.

எனவே, பெண்கள் படித்துவிட்டதால்தான் கிடைக்கவில்லை என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் எங்கள் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மாநில அளவில் அது 942. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது என்ன வயது? இருபத்தைந்து முதல் முப்பது. இன்று வரன் தேடும் வயது. கள்ளிப்பாலிலும் நெல்மணியிலும் போனவர்கள், ஸ்கேன் வந்தபின் கருவிலேயே போனவர்கள், அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதே, எங்களிடம் கொடுத்துவிட்டுப் போ என்று அரசாங்கமே தொட்டில் வைக்கவேண்டி வந்தது. 2001-ல் அதைத் தருமபுரிக்கும் நீட்டித்தார்கள். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் அண்மை ஆண்டுகளில்கூட எங்கள் மாவட்டத்தில் ஸ்கேன் கருவியோடு வீடு பிடித்து உட்கார்ந்த கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் அந்த 826 என்பது 913 ஆக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அந்தக் குழந்தைகள் இப்போதுதான் பள்ளி, கல்லூரியில் இருக்கிறார்கள்.

மகனுக்குப் பெண் இல்லை என்று என் கடையில் உட்கார்ந்து புலம்பும் அறுபது வயதுக்காரர்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நாக்கு துடிக்கும். வாடிக்கையாளர் ஆயிற்றே என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இதே தருமபுரியில், குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் தைப்பூசத் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அந்தக் கூட்டத்தில் வராமல் போனவர்களை யார் எண்ணுவது?

பெண் பிள்ளை ஏன் பாரமானாள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் பக்கம் பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசப்பணம் கட்டுவார்கள். கல்யாணமும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடக்கும். பெண்ணை அழைத்து வருவார்கள். கேழ்வரகும் சாமையும் விளைந்த மானாவாரிப் பூமியில் களையெடுக்கவும் நாற்று நடவும் பெண்ணின் கை தேவை. ஒரு வீட்டிலிருந்து அந்தக் கையை எடுத்தால் அதற்கு ஈடு கொடுத்தார்கள். பிறகு மோட்டார் கிணறு, கரும்பு, அரசு வேலை, பெங்களூருச் சம்பளம் என்று காசு நடமாட ஆரம்பித்ததும் பரிசம் வெற்றிலைத் தட்டில் வைக்கும் நூற்றொரு ரூபாய் ஆகி, நகையும் பைக்கும் எதிர்த்திசையில் போகத் தொடங்கின. இரண்டே தலைமுறையில் தலைகீழ். மேல்சாதிப் பழக்கம் என்று ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டதும் இதில் உண்டு. இரண்டாவதும் பெண் என்றால் மாமியார் முகம் திருப்பிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

இப்போது மறுபடியும் காற்று திரும்புகிறது. "பெண்ணை மட்டும் கொடுங்கள், மண்டபச் செலவு எங்களுடையது, தாலிச் சங்கிலியும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். அதற்காக வரதட்சணை ஒழிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அரசு வேலை மாப்பிள்ளைக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கும் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. நிலத்தை நம்பி இருப்பவனுக்குத்தான் இந்தச் சலுகை விலை.

கொரியா, சீனா விஷயம் இதனால்தான் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. தென்கொரியாவில் 1990-ல் நூறு பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. அங்கும் மகன் மோகம், அங்கும் ஸ்கேன். அதற்கு முன்பிருந்தே கிராமத்துப் பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் நகரம் போய்த் திரும்பாததால், உழவர்கள் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் தரகர் மூலம் பெண் எடுக்கத் தொடங்கினார்கள். 2005-ல் அந்த நாட்டில் நடந்த திருமணங்களில் எட்டில் ஒன்றுக்கு மேல் வெளிநாட்டவரோடு நடந்தவை. சீனாவில் 2020 கணக்கெடுப்பின்படி பெண்களைவிட ஆண்கள் ஏறக்குறைய 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகம். அங்கே மாப்பிள்ளை வீட்டார் கட்டும் பரிசப்பணம் கிராமங்களில் தாங்கமுடியாத அளவுக்கு ஏறி, அதைக் கட்டுப்படுத்தச் சொல்லி அரசே அறிவுறுத்திக்கொண்டிருக்கிறது. மொழியும் சாமியும் வேறு. பெண்ணைத் தவிர்த்த வீடும் பின்னால் பெண் தேடி அலையும் வீடும் ஒன்றேதான். கொரியா ஒரு வகையில் மீண்டது. 2007 வாக்கில் அங்கே பிறப்பு விகிதாசாரம் இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது அங்கே பலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2023-ல் 0.72 குழந்தை. நாங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வதில்லை, இந்த மாப்பிள்ளை வேண்டாம், இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், கையில் இருக்கும் காசிலிருந்து. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான், 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அன்று கணவனிடம் கெஞ்சிக் குழுக் கூட்டத்துக்குப் போன அம்மாக்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். நடுவில் ஒரு தலைமுறை கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போய், மூன்று வருடம் விடுதியில் அடைந்து கிடந்து, தன் வரதட்சணையைத் தானே சம்பாதித்துக்கொண்டு வந்தது. அந்தக் காசு அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. இப்போது போச்சம்பள்ளியில் முழுக்கப் பெண்களே நடத்தும் தொழிற்சாலை என்று ஓலா 2021-ல் அறிவித்தது. ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸில் கைப்பேசி பாகம் செய்பவர்களிலும் பெண்கள்தான் அதிகம். விடுதி கெடுபிடி, ஷிஃப்ட், கால்வலி என்று குறைகள் ஏராளம். ஆனால் சம்பளம் பெண்ணின் வங்கிக் கணக்கில் விழுகிறது, அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

அரசின் போக்கும் இதோடு சேர்ந்துகொண்டது. 1989-ல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது. பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தங்கம் போய்விட்டதே என்று வருத்தப்பட்ட அம்மாக்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் சரி.

ஆனால் ஒன்று. என் கடைக்கு வருவது பத்திரிகை அடிக்கும் கல்யாணங்கள் மட்டும். பெண்ணுக்கு 18 நிரம்பியதற்குச் சான்று பார்த்துத்தான் அச்சடிக்கவேண்டும் என்று அதிகாரிகள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2006-ன் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. அதனால் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்பவர்கள் பத்திரிகையே அடிப்பதில்லை. விடிவதற்கு முன் ஏதாவது மலைக்கோவிலில் தாலி ஏறிவிடும். கொரோனா ஊரடங்கில் பள்ளி மூடிக்கிடந்தபோது இது அதிகமானது. பெண் குறைவாக இருக்கிறார்கள் என்ற அவசரமே சின்னப் பெண்ணை முன்கூட்டி வளைத்துப்போடவும் காரணமாகிறது. படித்த பெண் மறுக்கிறாள் என்று சொல்பவர்கள் இந்தப் பெண்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2011-ல் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்களுடையது, 68.5 சதவீதம், எல்லா வீட்டிலும் எம்.எஸ்சி. இல்லை.

இனி மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்கிறார்கள்? நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜாதகம் இப்போது பாதி இடங்களில் ஒப்புக்குத்தான்; தோஷம் இருந்தால் பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்கிறார். அக்காள் மகள், மாமன் மகள் என்ற முறைப்பெண் பேச்சு ஓய்ந்துவருகிறது. பத்திரிகையில் தாய்மாமன்மார் பெயர்ப் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. மறுமணப் பெண்ணை, குழந்தையோடு இருந்தாலும், முதல் கல்யாணம் செய்யும் பையன் வீட்டார் தேடிப்போய்க் கேட்கிறார்கள். இது நல்ல மாற்றம். பத்திரிகையும் மற்றதைப்போலவே பெரிதாக அடிக்கிறார்கள்.

விட்டுக்கொடுக்காதது ஒன்றுதான். 2012 நவம்பரில் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனி எதற்காக எரிந்தது என்று இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதி தாண்டிய ஒரு காதல் கல்யாணத்துக்காக. அதற்குப்பின் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று மாப்பிள்ளைகள். நாற்பது வயது மகனுக்கு இரண்டு மாவட்டம் தாண்டித் தரகரைப் பிடித்து, கமிஷன் கொடுத்து, முன்பின் தெரியாத குடும்பத்தில் பெண் எடுக்கத் தயாராக இருக்கும் ஒரு பெரியவரிடம், அதே ஊரில் மகனோடு ஒன்றாகப் படித்த பெண் இன்னும் கல்யாணமாகாமல்தானே இருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "அவர்கள் வேறு ஆட்கள்" என்று சொல்லிவிட்டு, மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் மகனுக்கு இன்னும் அமையவில்லை.