வீட்டில் செய்யும் பன்னீர் பட்டர் மசாலா ஹோட்டலில் கிடைப்பதுபோல் கெட்டியாக, வழுவழுப்பாக வருவதில்லையே, ஏன்?

தக்காளி கொதிக்கும்போதே பால் ஊற்றியிருப்பீர்கள். இல்லையென்றால் கிரீம் விட்டபிறகும் தளதளவென்று கொதிக்க விட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். ஒருமுறை, சென்னையில் வளர்ந்த என் மைனி, "உங்க ஊர்ல தேங்காய் இல்லாம எதுவுமே செய்யத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சுருக்கென்றது. அன்று ராத்திரியே பன்னீர் பட்டர் மசாலா செய்ய இறங்கினேன். கிரீம் கிடைக்கவில்லை, கொதிக்கிற தக்காளியில் ஒரு டம்ளர் பாலை விட்டேன். கண் முன்னாலேயே திரிந்து, தண்ணீர் வேறு, வெள்ளைத் துகள் வேறாகப் பிரிந்தது. சூடான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத்தானே பன்னீரே எடுக்கிறோம்? தக்காளிப் புளிப்பும் அதே வேலையைச் செய்துவிட்டது.

வழி சொன்னது அம்மா. "மக்ளே, பால் வேண்டாம். அண்டிப்பருப்பு போட்டு அரை." முந்திரியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

200 கிராம் பன்னீருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி 4, வெங்காயம் 1, பருப்பு 15. வெண்ணெயில் வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, பருப்பு விரலில் நசுங்கும்வரை வேகவிடுங்கள். ஆறிய பிறகு அரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள்; வழுவழுப்பு அதில்தான் இருக்கிறது. காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டு, ஓரத்தில் வெண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். பன்னீரை வறுத்தால் ரப்பராகிவிடும். உப்பு போட்ட வெந்நீரில் 10 நிமிடம் கிடந்தால் போதும். பன்னீரைச் சேர்த்து அடுப்பை அணைத்த பிறகு 3 ஸ்பூன் கிரீம், கையில் கசக்கிய கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை).

வெங்காயமே சேர்க்கக் கூடாது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சேர்க்காமலும் செய்து பார்த்துவிட்டேன், எங்கள் ஊர்ச் சந்தைத் தக்காளிக்குப் புளிப்பு தூக்கலாக நிற்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றலாமே என்றால், ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு கறி.

முழுப் பருப்பு வாங்காதீர்கள். அரைக்கத்தானே போகிறோம், உடைசல் போதும், விலையும் குறைவு. ஆனால் உடைசல் என்றாலே எனக்கு மனசு பொறுக்காது. அம்மா இருபது வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். பருப்பு உடைந்துவிட்டால் ஏச்சு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் வெந்து கறுத்துவிடும், சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவாள். இன்றைக்கு ரேஷன் கடைக் கருவியில் அவள் கைரேகை பதிவதில்லை. வரிசையில் நின்று நாலு தடவை அழுத்திவிட்டு, வெறும் பையோடு திரும்பி வருகிறாள். அந்த ரேகை எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கிரீம் கிடைக்காவிட்டால் காய்ச்சிய பாலின் ஆடையை அடித்துச் சேருங்கள். அதுவும் அடுப்பை அணைத்த பிறகுதான்.