பழைய பாம் டங்ஸ்டன் டி-யில் வைஃபையே இல்லையே, எப்படி இணையம் பார்த்தார்கள்?

உங்கள் அப்பாவின் அலமாரியில் பாம் டங்ஸ்டன் டி என்ற கையடக்கக் கணினி கிடைத்தது, கூடவே ஒரு தாளில் ஐஆர், புளூடூத், ஜிபிஆர்எஸ், ஹாட்சிங்க், *99# என்று எழுதியிருக்கிறார், எது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கருவியை நாலு வருஷம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தவன் நான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதில் சில சொற்கள் பக்கத்தில் இருக்கும் கருவியோடு பேசுவதற்கு, ஒன்றே ஒன்றுதான் இணையத்துக்குப் போவதற்கு. ஐஆர் என்பது அகச்சிவப்பு ஒளி, டிவி ரிமோட்டில் இருப்பதுதான். ஒரு மீட்டருக்குள், நடுவில் எதுவும் மறைக்காமல், இரண்டு கருவிகளும் முகம் பார்த்து இருக்க வேண்டும். முகவரிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நம்முடைய விசிட்டிங் கார்டு எதிரில் இருப்பவரின் பாமுக்குப் போய்விடும், அதற்கு 'பீம்' என்று பெயர். புளூடூத் ரேடியோ அலை, பத்து மீட்டர் வரை எட்டும், ஃபோன் பைக்குள் கிடந்தாலும் பரவாயில்லை. 2002-ல் வந்த டங்ஸ்டன் டி-யில் புளூடூத் உள்ளேயே இருந்ததுதான் பெரிய விஷயம்.

இணையம் வந்தது ஜிபிஆர்எஸ் என்ற அந்தக் கால செல்ஃபோன் டேட்டா வழியாக, அதுவும் பாமில் இல்லை, ஃபோனில். பாம் புளூடூத்தில் ஃபோனைப் பிடித்து *99# என்ற ஜிபிஆர்எஸ் இணைப்பு எண்ணை டயல் செய்யும், ஃபோன் டவரோடு பேசும், இப்போது ஹாட்ஸ்பாட் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஏபிஎன், அதாவது ஃபோன் நிறுவனத்தின் இணைய வாசலுக்கு உள்ள பெயரை ஒரு எழுத்து தப்பாகக் கொடுத்துவிட்டால் புளூடூத் அழகாக இணைந்திருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. ஒரு சாயங்காலம் முழுக்க நான் புளூடூத்தையே குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் பார்த்தால் ஏபிஎன்னில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. இன்றைக்கும் "வைஃபை இருக்கு, நெட் வரலை" என்பவர்களுக்கு நடப்பது இதுதான்: ரவுட்டர் வரை வழி இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

வேகம்? நல்ல நேரத்தில் விநாடிக்கு 40 கிலோபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 5 கிலோபைட்தான், 100 கிலோபைட் பக்கம் திறக்க இருபது விநாடி ஆகும். படங்களை நிறுத்திவைத்துத்தான் படிப்போம். இன்றைய தளங்கள் பெரும்பாலும் அதில் திறக்கவே திறக்காது, இப்போதைய எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்புப் பூட்டு அந்தப் பழைய உலாவிக்குப் புரியாது.

அப்புறம் ஹாட்சிங்க். இதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை. தாங்கியில் பாமை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதிலுள்ள குறிப்புகள், முகவரிகள், நாட்காட்டி எல்லாம் கணினியில் ஒரு நகலாகப் பதியும். இது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் டங்ஸ்டன் டி எல்லாவற்றையும் மின்சாரம் இருக்கும் வரைதான் நினைவு நிற்கும் ரேமில் வைத்திருக்கும், பேட்டரி முழுசாகத் தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். கருவியில் அப்பா எழுதியது எதுவும் மிஞ்சியிருக்காது. அவருடைய பழைய கணினி வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாம் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் அதில் இருக்கிறதா பாருங்கள். அவர் கடைசியாக ஹாட்சிங்க் செய்த நாள் வரைக்கும் உள்ள கையெழுத்துக் குறிப்புகள்கூட அங்கே கிடைக்கலாம்.