சட்டம் கேளுங்கள்: சம்மன் வந்தால் வாய்தாவுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: கணவர் கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். சம்மன் வந்து பத்து நாளாகிறது. நான் நான்கு வயது மகளோடு திருவண்ணாமலையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வேலை இல்லை, வக்கீல் வைக்கப் பணமும் இல்லை. "நீ போகாவிட்டால் கேஸ் நகராது" என்கிறார் தாய்மாமா. போகாமல் இருந்துவிடலாமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: போயே ஆக வேண்டும், சகோதரி. நீங்கள் போகாவிட்டால் கேஸ் நிற்காது. நீங்கள் இல்லாமலே நடந்து முடியும். இப்படி ஒரு தரப்பு வராமலே சொல்லப்படும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் கையில் கிடைத்திருப்பதால் 'எனக்குத் தெரியாது' என்றும் சொல்ல முடியாது.

பணத்தை நினைத்துக் கலங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-வது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதி, சம்மன் நகலும் ஆதார் நகலும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மனுவைக் கோவைக்கு அனுப்பி வைப்பார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். இப்படி நியமிக்கப்படும் வக்கீலுக்கு ஆணைக்குழுவே பணம் தரும். அவர் உங்களிடம் ஃபீஸ் கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.

வழக்கைத் திருவண்ணாமலைக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். சிறு குழந்தை இருப்பதும் வருமானமின்மையும் அங்கே எடுபடும் காரணங்கள். ஆனால் மாற்றல் மனு போட்டதாலேயே கோவை வழக்கு நின்றுவிடாது. இடைக்காலத் தடை கிடைக்கும்வரை கோவை வாய்தா ஒவ்வொன்றிலும் உங்கள் தரப்பில் ஆஜராக வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் பலர் எக்ஸ்பார்ட்டி ஆகிறார்கள்.

ஜீவனாம்சத்தை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம். கோவை வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவின் கீழ் (பழைய 125), நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே உங்களுக்கும் மகளுக்கும் தனி மனு போடலாம். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'பேசிப் பார்ப்போம்' என்று ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதப் பணம் போனதுதான். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றுக்கும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தையல் வருமானம் இரண்டாயிரம் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள். கணவரின் சம்பளச் சீட்டு கிடைக்கவில்லையா? வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொல்லி, ஆவணத்தைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கிப் பிரிந்துவிட்டோம். எனக்கு மறுமணம் பேசுகிறார்கள். செல்லுமா?
- வாசகர், தருமபுரி

பதில்: செல்லாது. விவாகரத்து தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்கோ நோட்டரிக்கோ இல்லை. அறுத்துக் கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களுக்கு இந்து திருமணச் சட்டம் 29(2) இடம் தருகிறது. ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் சாட்சியோடு நிரூபித்தாக வேண்டும். இந்தத் தாளை நம்பித் தாலி கட்டினால் அந்த மணம் செல்லாது என்பதோடு, 7 ஆண்டு வரை சிறை உள்ள குற்றமும் ஆகலாம். வரப்போகும் பெண்ணின் நிலையையும் எண்ணுங்கள்.

ஓராண்டுக்கு மேல் பிரிந்திருப்பதால் இருவரும் சேர்ந்து 13பி பிரிவில் மனு போடலாம். பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் பிரிந்திருக்க வேண்டிய ஓராண்டும் இந்த ஆறு மாதமும் சேர்ந்த 18 மாதத்தை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். ஜீவனாம்சம் முதலியவை முடிவாகி, சமரசத்துக்கும் வழியில்லை என்றால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றம், 2017). தீர்ப்பு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பேசிய தொகையை முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை மனுவின்போதும் மீதியை இறுதி வாக்குமூலத்தின்போதும் தருவதாக மனுவிலேயே எழுதுங்கள்.

கேள்வி: மனைவி ஏழு வயது மகனோடு தஞ்சாவூர் போய்விட்டார். விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. மகனைப் பார்க்க விடுவதில்லை. பணம் அனுப்புவதை நிறுத்தலாமா?
- வாசகர், சென்னை

பதில்: நிறுத்தாதீர்கள். பையனைப் பள்ளி வாசலிலிருந்து கூட்டிவரும் எண்ணமும் வேண்டாம். இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, மகன் வசிக்கும் தஞ்சாவூரில்தான் மனு போட வேண்டும். அதோடு சேர்த்து, மகனைப் பார்க்க இடைக்கால மனுவும் போடுங்கள். 'பார்க்க அனுமதி வேண்டும்' என்று மட்டும் கேட்டால் உத்தரவும் அப்படியே பொத்தாம்பொதுவாக வரும், சண்டை தொடரும். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், வாரத்தில் எந்த நாள் வீடியோ கால், கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்று எழுதிக் கேளுங்கள். பணத்தை வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கையில் கொடுத்ததை மறுத்தால் நிரூபிக்க வழியிருக்காது.