படிக்காத தாய் ஏன் இரண்டோடு நிறுத்தினாள்?

கேள்வி: பெண்களைப் படிக்க வைத்தாலே வளரும் நாடுகளில் குடும்பம் சிறுத்துவிடும் என்கிறார்கள். எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு படிப்புக்கும் பிள்ளை எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: நீங்கள் கண்டது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவருக்கு 1.8. நைஜீரியாவில் 2018-இல் எடுத்த கணக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: படிக்காதவருக்கு 6.7, கல்லூரி வரை போனவருக்கு 3.4. வசதியும் நகர வாழ்வும் படிப்போடு ஒட்டிக்கொண்டே வருவதால் இந்த வித்தியாசம் முழுவதையும் படிப்பின் பெயரில் எழுதிவிட முடியாதுதான். அதற்காக, சம்பந்தமே இல்லை என்று கையை உதறிவிடவும் முடியாது.

பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் திருமண உதவித் திட்டம் வந்தபோது, மணப்பெண் எட்டாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததன் சூட்சுமம் இதுதான்; 2022-இல் அந்தத் திட்டமே அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதாக மாறிவிட்டது. தவிர, படித்த தாய் தடுப்பூசித் தேதியைத் தவறவிடுவது குறைவு; பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்ட வீட்டில், 'எதற்கும் இன்னொன்று இருக்கட்டும்' என்று பெற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இனி உங்கள் ஊர்ப் பெண்களுக்கு வருகிறேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலையை அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற தாய்க்குப் பக்கத்தில் முன்பெல்லாம் யார் உட்கார்ந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூத்த மகள். பீடியின் வாயை மடக்குவதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிவதும் அவள் வேலையாக இருந்தன. நாலாவது குழந்தை பிறந்தால் ஐந்தாம் வகுப்போடு அவள் பையை மூலையில் போட வேண்டியதுதான். மகள் படிக்க வேண்டும் என்று அந்தத் தாய் என்று ஆசைப்பட்டாளோ அன்றே மூன்றாவது பிள்ளை அவளுக்குக் கட்டுப்படியாகாமல் போயிற்று. அவள் படிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் அவள் வீட்டுக் கணக்குக்குள் படிப்பு நுழைந்துவிட்டது.

அந்தக் கணக்கைச் செயலாக்க வழி சொன்னவள் யார்? வீடு தேடி வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர், அதாவது இன்னொரு வீட்டில் படிக்க வைத்த பெண். வங்கதேசத்தில் 1970-களில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தது, இன்று இரண்டு சொச்சம். அங்கும் ஓரளவு படித்த கிராமத்துப் பெண்களையே வேலைக்கு எடுத்து, வாசல் தாண்டாத பெண்களிடம் மாத்திரையோடு அனுப்பினார்கள். ஒருத்தி படித்ததன் பலனைப் படிக்காத பல வீடுகள் அனுபவித்தன. (உங்கள் மாவட்டத் தலைநகரான வேலூரில் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆண் மருத்துவரைப் பிரசவத்துக்கு அனுமதிக்க மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் திண்டிவனத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவரான அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது.)

கடைசியாக ஒன்று. 'நிறுத்திக்கொண்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அதைவிட எளிய அறுவையைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, பட்டதாரிகளையும் சேர்த்துத்தான். படிப்புக்கும் பிள்ளை எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை என்ற உங்கள் கட்சிக்கு ஆதாரம் வேண்டுமானால், அதை முறத்துக்குப் பக்கத்தில் தேடாதீர்கள். ஆண்கள் பக்கம் தேடுங்கள்.