உயில் எழுத இன்னும் நாள் இருக்கிறதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

உரிமையியல் வழக்குகளிலேயே 28 ஆண்டுகளைக் கழித்த வழக்கறிஞர் நான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிகள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் முகம் பாராமல் நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் அவர்களில் பலர் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளை ஆவலோடு எடுத்துக்கொண்டேன். பதில்கள் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை.

கேள்வி: சார், எனக்கு 34 வயது. வங்கிக் கடனில் வாங்கிய ஃபிளாட், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. அம்மா என்னுடன் இருக்கிறார். இந்த வயதில் உயில் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும் தம்பி, உங்கள் நிலையில் இருப்பவர்கள்தான் முதலில் எழுத வேண்டும். நீங்கள் உயில் இல்லாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஃபிளாட் மனைவி, குழந்தை, அம்மா மூவருக்கும் சம பங்காகப் போகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடனை அடைக்க ஃபிளாட்டை விற்கலாம் என்று உங்கள் மனைவி நினைத்தால், குழந்தையின் பங்கை விற்க அவர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். மைனரின் சொத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அது. துக்கத்தில் இருக்கும் ஒரு பெண் அதற்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். ஃபிளாட் மனைவிக்கு என்று உயிலில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. அம்மாவுக்கு வைப்புத்தொகையோ வேறு ஏதேனுமோ தனியாக எழுதுங்கள், அவரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் இருவருமே இல்லாமல் போனால் குழந்தைக்கு யார் காப்பாளர் என்பதையும் இருவரும் அவரவர் உயிலில் குறித்து வையுங்கள். இளம் பெற்றோர் பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

கேள்வி: எல்லாக் கணக்குக்கும் நாமினி போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. பொதுவாக, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். பெற்ற பணத்தை வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. காப்பீட்டுத் தொகை பற்றி 1983இலும், பங்குகள் பற்றி 2023இலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நாமினி பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. திருமணத்துக்கு முன் அண்ணன் பெயரைப் போட்டுவிட்டு மாற்றாமல் இருப்பவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஓர் ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. என் சம்பளத்தில் கட்டிய வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். எனக்குப் பின் வீடு அம்மாவுக்குத்தானே?

இல்லை, அம்மா. இந்தப் பதிலை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தை அவர்களுக்கும் பின்னால்தான் வருகிறார்கள். பெற்றோரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாவிட்டால், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். நீங்கள் உழைத்துச் சேர்த்ததற்கு அந்த விலக்கும் இல்லை.

2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்த பெண்ணைப் புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள், அவர் வேலைக்குப் போய்ச் சேமித்தார். உயில் எழுதாமல் இறந்தார். அந்தச் சேமிப்பு கணவர் வீட்டாருக்கே போனது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். சட்டம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது மாறும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே எழுதுங்கள். அம்மா உங்களுக்கு முன்பே போய்விட்டால் வீடு யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டுமா? பதிவு கட்டாயமா?

இரண்டும் இல்லை. வெள்ளைத்தாள் போதும், கையால் எழுதினாலும் செல்லும். நீங்கள் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்தோ, 'இது என் கையெழுத்துதான்' என்று நீங்கள் சொல்லக் கேட்டோ, உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களாகப் பாருங்கள், பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது என்பேன். வயதானவர்கள் தெளிந்த மனநிலையில் இருப்பதாக மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்கும் இதே விதிகளா?

இல்லை. உங்கள் தனிச்சட்டப்படி, கடன்களும் இறுதிச் சடங்குச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலால் கொடுக்க முடியும். அதற்கு மேல் போனால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

கேள்வி: மகன் வீட்டை இப்போதே செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்கிறான். எனக்கு 71 வயது. செய்யலாமா?

அவசரப்படாதீர்கள் ஐயா. செட்டில்மென்ட் பத்திரம் பதிவானதும் வீடு மகனுடையதாகிவிடும், பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறுவது கடினம். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை அதை மீறினால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின் கீழ்த் தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம்.

கேள்வி: உயில் என்றாலே அப்பா, 'நான் சாகணுமா?' என்று கோபப்படுகிறார். எப்படிப் பேச்செடுப்பது?

முதலில் உங்கள் உயிலை நீங்கள் எழுதுங்கள். அதை அவரிடம் கொடுத்து, சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் அப்பா என்று கேளுங்கள். அன்றைக்கு அவருடைய சொத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். சில நாள் கழித்து, பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரு நோட்டில் அவர் கையாலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போகும்போது, இது யாருக்கு என்ற கேள்வி அவருக்கே எழும். அப்போது அருகில் இருங்கள்.